காத்து வண்டியும் காப்பி கிளப்பும்

வா நைனா, குந்து. செருப்பை வாசல்லயே விடு, பாவு மேல மிதிச்சிடாதே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுலேருந்து மூணு பஸ் மாறி, லீவு நாள்ல ஆர்.கே.பேட்டைக்குத் தாத்தனைப் பார்க்க வந்திருக்கே. பாசம்னு நம்புற வயசை நான் தாண்டி ரொம்ப நாளாச்சு. உங்க பாட்டிதான் நீ பொண்ணு பார்த்துட்டேன்னு நினைச்சி கேசரி கிண்டினா. நான் அப்பவே சொன்னேன், பொண்ணு பார்த்தவன் மூஞ்சியில கொஞ்சம் பயம் இருக்கும், இவன் மூஞ்சியில பயமே இல்லை, இது வேற ஏதோ வியாதின்னு.

சரி, நீ சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், தப்பிருந்தா சொல்லு. மூணு சக்கரத்துல ஒரு வண்டி. ஆட்டோவைத் தோலுரிச்சி எலும்பை மட்டும் நிறுத்தி வெச்ச மாதிரி. முன்னாடி ஒரு சீட்டு, பின்னாடி ஒரு சீட்டு. அதுக்கும் பின்னால என்ஜினு, பெரிய விசிறி, கை போயிடாம இருக்க ஒரு கூண்டு. வண்டிக்கு இறக்கை கிடையாது. பின்னால துணியை விரிச்சிப் போட்டுட்டு வண்டியை விரட்டினா, துணி காத்தைக் குடிச்சி எழும்பி தலைக்கு மேல வந்து நிக்கும். அப்பால வண்டி தரையை விடும். முதுகுல என்ஜினைக் கட்டிக்கிட்டு காலால ஓடிப் பறந்தா பாரா மோட்டாரு. சக்கரம் வெச்சிப் பறந்தா பவர்டு பாராசூட்டு. சரியா? தாத்தனுக்குக் காது கேக்கலைன்னு நீங்க எல்லாரும் முடிவு பண்ணதுக்கு அப்பால எனக்கு எல்லாமே நல்லா கேக்குது.

இதுக்குக் கிளப்பு வேற ஆரம்பிக்கப் போறீங்களாமே, ஒரே ஷிப்ட்டுல நாலு பேரு சேர்ந்து. கிளப்புன்னதும் உங்க பாட்டி, "இட்லி நல்லாருக்குமா?"ன்னு கேட்டா. நீ சிரிச்சே. அவ கேட்டதுல இன்னா தப்பு? எங்க காலத்துல கிளப்புன்னா காப்பி கிளப்பு. நாலு பெஞ்சு, ஒரு பாய்லரு, ஊர் வம்பு. நீ போன்ல காட்டுனியே அமெரிக்காக்காரன் கிளப்பு, அதையும்தான் பார்த்தேன். விடியக்காலம் புல்வெளியில பத்துப் பேரு. மடக்கு நாற்காலி. கையில காப்பி. எல்லாரும் கம்பத்துல தொங்குற ஒரு துணிப் பையையே பார்த்துக்கிட்டு இருக்கான். பை ஆடுது, காப்பி குடிக்கிறான். இன்னும் ஆடுது, இன்னொரு காப்பி. வெயில் ஏறினதும் வண்டியை ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டு வூட்டுக்குப் போறான். இது காப்பி கிளப்பு இல்லாம வேற இன்னா? உங்க பாட்டி பள்ளிக்கூடம் போகலையே தவிர, விவரம் தெரிஞ்சவ.

"கூரை ஏறி கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்"னு சொல்வாங்க. போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி படியில பாதியிலேயே மூச்சு வாங்கிக் குந்துனவன் நீ. அந்த மலைக்கு மொத்தமே 365 படி. சோளிங்கர் மலைக்கு 1,305. அங்கேயும் 2024ல ரோப்கார் வந்துடுச்சி, உனக்காகவே கட்டுன மாதிரி. கம்பியில தொங்கிக்கிட்டே நரசிம்மரைப் பார்த்துட்டு வந்துடலாம். கம்பியே இல்லாம தொங்கணும்னு உனக்கு ஏன் ஆசை?

கோவிச்சுக்காதே. நீ கொண்டாந்த இறக்கைத் துணியைக் கொடு, பார்க்கலாம்.

ம்... நைலான். கையில புடிச்சாலே சரசரங்குது. கண்ணாடியைக் கொடு. தோ பாரு, கட்டம் கட்டமா தெரியுது இல்லை? அலங்காரம்னு நினைச்சிடாதே. மெல்லிசு இழைக்கு நடுநடுவுல, அரை விரக்கடைக்கு ஒண்ணு, கெட்டி இழை விட்டிருக்கான். பாவுலயும் விட்டிருக்கான், ஊடையிலயும் விட்டிருக்கான். ஒரு இடத்துல கிழிஞ்சா கிழிசல் ஓடி வந்து அந்தக் கெட்டி இழைகிட்ட முட்டிக்கிட்டு நிக்கும். ரிப்ஸ்டாப்னு நீ சொல்றே. நாங்க இதை வரப்பு கட்டுறதுன்னு சொல்லியிருப்போம். ஒரு வயல்ல உடைப்பெடுத்தா அடுத்த வயலுக்குத் தண்ணி போகாம நிறுத்துது பாரு, அதேதான். நெய்தவன் கெட்டிக்காரன். மேல ஒரு பூச்சு வேற பூசியிருக்கான், காத்து இழைக்கு நடுவால ஒழுகிடாம இருக்க.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நம்ம லுங்கியில காத்து போகணும், இல்லைன்னா சித்திரையில மனுஷன் வெந்துடுவான். உன் இறக்கையில காத்து போகவே கூடாது. போனா அது இறக்கை இல்லை, கொசுவலை. நைலானுக்கு வெயில் ஆகாது. வெயில்லயே விரிச்சிப் போட்டு வெச்சா, பார்க்கப் புதுசாவே இருக்கும், உள்ளே செத்திருக்கும். பழைய துணி வாங்கினா சாயத்தைப் பார்த்து மயங்காதே, காத்து ஒழுகுதான்னு சோதிச்சி வாங்கு. விரிச்சா 500 சதுர அடின்னு சொன்னே இல்லை? அஞ்சரை மீட்டர் புடவை ஒண்ணு 68 சதுர அடி வரும். மேல் தோலுக்கே ஏழு புடவைக்கு மேல ஆகுது. கீழ்த் தோலையும் சேர்த்தா பதினாலு. ரெண்டு தோலுக்கும் நடுவுல தடுப்புத் தடுப்பா துணி. முன்னாடி பக்கம் வாய் திறந்திருக்கு. தலையணை உறையை வரிசையா ஒட்டித் தெச்ச மாதிரி. அந்த உறைக்குள்ள காத்து பூந்துதான் துணி இறக்கையா விறைக்குது. ஆக, உன்னைத் தூக்கப் போறது பதினாலு புடவை. பொம்பளைங்க சமாச்சாரம் இல்லாம எவன் மேல போனான்?

இந்தத் தலையணை இறக்கையைக் கண்டுபிடிச்சவன் பைலட்டுத் தொரை எவனும் இல்லை. பட்டம் கட்டுறவன். டொமினா ஜால்பெர்ட்டுன்னு பேரு. கனடாவுல பொறந்து அமெரிக்காவுல போய்ப் பொழைச்சவன். 1964ல கட்டுனான், 1966ல காப்புரிமை வாங்கினான். அதுக்கு முந்தி பாராசூட்டுன்னா குடை. விழுறதை மெதுவாக்கும், அவ்வளவுதான். ஜால்பெர்ட்டு செஞ்சது முன்னாலயும் போகும். அதுக்குக் கீழே என்ஜினைக் கட்டித் தொங்கவிட ஆளுங்க வந்தாங்க. 1980க்கு மேல ஸ்டீவ் ஸ்னைடருன்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிங்களும் பாராப்ளேன்னு பேரு வெச்சி விக்கவே ஆரம்பிச்சிட்டாங்க.

அமெரிக்காவையே ஏன் பார்க்குறே, நம்ம மெட்ராஸைப் பாரு. 1910ல மவுண்ட் ரோட்டுல ஓட்டல் நடத்தின டி ஆஞ்சலிஸுன்னு ஒரு ஐரோப்பாக்காரர், சிம்சன் கம்பெனியில சொல்லி விமானம் கட்டி வாங்கி, தீவுத் திடல்ல சனம் பார்க்கப் பறந்து காட்டினார். நல்லா கேட்டுக்கோ, ஓட்டல்காரர். மெட்ராஸ்ல முதல்ல பறந்தவனே காப்பி கிளப்பு ஆளுதான். அதுக்கு இருபது வருஷம் கழிச்சி, 1930லதான் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பு வந்தது. முதல்ல ஓட்டல், அப்பால கிளப்பு. வரிசையை மாத்தாதே.

சரி, வண்டிக்கு வருவோம். வேகம் எவ்வளவுன்னு கேட்டேன், 50 கிலோமீட்டர் வாக்குல போகும்னே. நம்ம ஊர் டவுன் பஸ்ஸே உன்னை முந்திக்கிட்டுப் போயிடும், கண்டக்டர் டாட்டா காட்டுவாரு. அதுல வேடிக்கை இன்னான்னா, என்ஜினை முறுக்கினா வேகம் கூடாதாமே! முறுக்கினா மேல ஏறும், விட்டா கீழே இறங்கும், வேகம் அதேதான். வலது காலை மிதிச்சா துணியோட வலது ஓரம் இழுபட்டு வலது பக்கம் திரும்பும். இடது காலை மிதிச்சா இடது. இறங்கும்போது ரெண்டையும் சேர்த்து மிதிச்சா மெத்துனு உக்காரும். ஏன்டா, இது குழித்தறி இல்லையா? கைக்கு ஒரு வேலை, காலுக்கு ரெண்டு மிதி. நான் பவர் லூம் வர்றதுக்கு முந்தி குழியில காலைத் தொங்கவிட்டு மிதிச்சவன். இந்தக் காலுக்கு அந்த வித்தை தெரியும். உன் காலு பைக்குல கியர் மாத்தின காலு. பின் சீட்டு எத்தனை கிலோ தாங்கும்? சும்மா ஒரு தகவலுக்குக் கேட்டேன். நான் நாப்பத்தெட்டு.

இப்ப காத்துக் கணக்கு போடு. உன் வண்டி 50ல போகுது. எதிர்க்காத்து 20 அடிச்சா நீ 30ல போறே. 40 அடிச்சா 10. சைக்கிள்காரன் முந்துவான். 50 அடிச்சா? வானத்துல ஆணி அடிச்ச மாதிரி நிப்பே. அதுக்கும் மேல அடிச்சா மூஞ்சி சோளிங்கர் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கும், உடம்பு நகரி பக்கம் போய்க்கிட்டு இருக்கும். நம்ம ஊர்ல பின்னாலேயே நடந்து ஆந்திரா போன முதல் ஆளுன்னு பேரு கிடைக்கும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு பெரியவங்க சும்மா சொல்லலை. அம்மிக்கு யாரும் லைசென்ஸ் கேக்கலை, ட்ரெய்லர் வாங்கலை, கிளப்பு சந்தா கட்டலை. ஆடியில நீ காத்திருந்தா போதும், செலவில்லாம பறந்துடலாம்.

சிரிக்காதே. 2025 பொங்கலுக்குப் பொள்ளாச்சியில பலூன் திருவிழா நடந்துதே, அங்கே மேல போன பலூன் ஒண்ணு காத்து இழுத்த இழுப்புக்குப் போயி, எல்லை தாண்டி பாலக்காடு பக்கம் வயல்ல இறங்குச்சி. பலூனுக்கு வாளையாறு செக்போஸ்ட் தெரியுமா? காத்துக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது.

எல்லைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நான் சின்னப் பையனா இருக்கும்போது ஒரு ராத்திரி சித்தூர் ஜில்லாவுல, ஆந்திராவுலதான் படுத்தேன். காலையில கண்ணு முழிச்சா மெட்ராஸ் ராஜ்யம். 1960 ஏப்ரல் 1. கட்டில் ஒரு சாண் கூட நகரலை. ம.பொ.சி. அய்யா மாதிரி ஆளுங்க எத்தனையோ பேரு போராடி, ஜெயிலுக்குப் போயி, படாஸ்கர்னு ஒருத்தர் கணக்கு போட்டுக் கொடுத்த கோடு அது. ஏப்ரல் ஒண்ணாம் தேதின்னதும் எங்கப்பா ஒரு வாரம் நம்பவே இல்லை. தரையில கோடு போட்டா கல்லு நட்டுடுவான், நாம பார்த்துக்கலாம். வானத்துல போட்ட கோட்டைக் கண்ணால பார்க்க முடியாது. அதுதான் சங்கடம்.

நீ எந்த வானத்துல பறக்கப் போறேன்னு யோசிச்சியா? இங்கேருந்து நேர்கோடு இழுத்தா அரக்கோணம் 30 கிலோமீட்டர் வாக்குலதான் இருக்கும். அங்கே கடற்படைக்காரன் விமான தளம் வெச்சிருக்கான், ஐ.என்.எஸ். ராஜாளி. 1992 மார்ச்சுல தொறந்தது. நீளத்துல நம்ம நாட்டுலயே பேர் போன ஓடுபாதை அது. கடலுக்குள்ள முங்கிக் கெடக்குற நீர்மூழ்கியை மேலேருந்தே மோப்பம் புடிக்கிற பி-8ஐ விமானம் அங்கேதான் இருக்கு. ஹெலிகாப்டர் ஓட்டக் கத்துக்குற பசங்களும் அங்கேதான். 2015 டிசம்பர் வெள்ளத்துல மீனம்பாக்கம் முழுகிப் போனப்ப, பயணிங்க விமானம் கூட அங்கேருந்துதான் கிளம்புச்சி. தளத்துக்குப் பேரு வெச்சவன் சும்மா வெக்கலை. ராஜாளி சுத்துற வானத்துல கோழிக்குஞ்சு நடை பழகப் போறேன்னு வருது. தாய்க்கோழி இன்னா சொல்லும்? நான் அதைத்தான் சொல்றேன்.

பர்மிஷன் வாங்கிடலாம்னு சொல்றே. வாங்கு. 2022ல மத்திய சர்க்காரு வான் விளையாட்டுக்குன்னே தேசியக் கொள்கை ஒண்ணு போட்டிருக்கு. பாராகிளைடிங், பாரா மோட்டார், பலூன், மைக்ரோலைட்டுன்னு ஒரு பட்டியலே உண்டு. 2030க்குள்ள உலகத்துல முன்னணிக்கு வந்துடணும்னு எழுதியிருக்கான். நல்ல கொள்கை. கொள்கை டெல்லியில இருக்குது, நீ ஆர்.கே.பேட்டையில இருக்கே. அதே டெல்லியில ஜனவரி 26, ஆகஸ்ட் 15 நெருங்கினா, பாரா மோட்டார், பாராகிளைடர், பலூன் எதுவும் மேல போகக்கூடாதுன்னு போலீஸ் வருஷா வருஷம் தடை போடுது. என்ஜின் வெச்ச ஹேங் கிளைடரை ஒருத்தனுக்கு வித்தா, வாங்குறவன் யாரு எவருன்னு உள்துறை அமைச்சகம் விசாரிக்கணும்னு 2021 டிசம்பர்ல விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி போட்டுச்சி. உனக்குப் பொண்ணு கொடுக்குறவன் கூட இவ்வளவு தூரம் விசாரிக்க மாட்டான்.

அமெரிக்காவுல லைசென்ஸே வேணாம்னு சொல்லி என் வாயை அடைக்கப் பார்க்குறே. பாதியைத்தான் சொல்றே, மீதியை நான் பேத்தியை விட்டுப் படிக்கச் சொன்னேன். லைசென்ஸ் வேணாம்னு சொல்றது ஒத்தை சீட்டு வண்டிக்கு. வெறும் வண்டி 254 பவுண்டு, நம்ம கணக்குல 115 கிலோ, அதுக்கு மேல போகக்கூடாது. பெட்ரோல் டேங்கு 5 கேலனுக்கு மேல கூடாது. பகல்லதான் பறக்கணும். ஊர் நெருக்கமா இருக்குற இடத்துக்கு மேல போகக்கூடாது. ரெண்டு சீட்டுன்னா குறைஞ்சது 12 மணி நேரம் பறந்து பழகி, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கணும். நீ ரெண்டு சீட்டுப் படத்தைக் காட்டிட்டு ஒத்தை சீட்டுச் சட்டத்தைச் சொல்றே. தறி ஓட்டுறவன்கிட்ட அளவுல ஏமாத்தப் பார்க்கலாமா?

பறக்குறதே தப்புன்னு நான் சொல்லலை. 2016ல நம்ம விமானப் படைக்காரங்க பாரா மோட்டார்லயே நாட்டைச் சுத்தி வந்தாங்க, பத்தாயிரம் கிலோமீட்டர் வாக்குல. அதுக்குப் பேரு இன்னா வெச்சாங்க தெரியுமா? பிரதக்ஷிணா. பிரதட்சணம்! நாம மலையைச் சுத்துறோம், அவங்க தேசத்தைச் சுத்தினாங்க. ஆனா அவங்களுக்குக் கீழே வண்டி வந்துச்சி, ஆள் வந்துச்சி, வானிலை சொல்றவன் வந்தான். உனக்குக் கீழே யாரு வருவா? உங்க பாட்டி வருவா, விளக்குமாத்தோட.

என்ஜினு ரோட்டாக்ஸு, ஆஸ்திரியாக்காரன் செஞ்சதுன்னே. 580 சி.சி., 65 குதிரை. ரெண்டு ஸ்ட்ரோக்கு. அடடா, அது நமக்குச் சொந்தக்காரன் ஆச்சே! 1980ல ஓசூர்லேருந்து டி.வி.எஸ். 50 வந்தப்ப, நான் ரெண்டு வருஷம் கழிச்சி ஒண்ணு வாங்கினேன். அதுவும் ரெண்டு ஸ்ட்ரோக்குதான். பெட்ரோலோட ஆயிலைக் கலந்து ஊத்தணும். ஒரு தபா நூல் பை கட்டிக்கிட்டு சோளிங்கருக்குப் போற அவசரத்துல, ஆயிலை மறந்துட்டேன். ஏரிக்கரை மேல போகும்போது கீச்சுன்னு ஒரு சத்தம். என்ஜின் இறுகிப் போச்சி. நான் இன்னா பண்ணேன்? இறங்கினேன், பீடி பத்த வெச்சேன், தள்ளிக்கிட்டு வந்தேன். உனக்கு 1,000 அடி மேல கீச்சுன்னு சத்தம் கேட்டா? இறங்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. பீடி வேணா பத்த வெக்கலாம், காத்து விடாது. 50க்கு 1 கணக்கு, லிட்டருக்கு 20 மில்லி ஆயில். இதைத் தாலி மாதிரி ஞாபகம் வெச்சுக்கணும்.

என்ஜின் நின்னாலும் விழ மாட்டேன், பாராசூட்டு மெதுவா இறக்கி விட்டுடும்னு சொல்றே. ஒத்துக்குறேன். ஒரு அடி இறங்குறதுக்குள்ள மூணு நாலு அடி முன்னால போகும். 500 அடியில நின்னா, 1,500 அடி, மிஞ்சிப் போனா 2,000 அடிக்குள்ள ஒரு இடம் பார்த்தாகணும். வா, திண்ணை மேல ஏறி நில்லு. சுத்திப் பாரு. தோ கரும்பு. மேலேருந்து பார்த்தா பச்சை மெத்தை மாதிரி தெரியும், உள்ளே பூந்தா சோகை அறுத்துடும். அந்தாண்ட மாந்தோப்பு. இந்தப் பக்கம் வேர்க்கடலை எடுத்த கொல்லி, இது தேவலாம், ஆனா நடுவுல வரப்பு. மூணு சக்கரமும் வரப்புல முட்டினா வண்டி குட்டிக்கரணம் போடும். எல்லாத்துக்கும் மேல, கம்பி. இந்த ஊர்ல வூட்டுக்கு வூடு தறி, தறிக்குத் தறி கரண்டு, கொல்லிக்குக் கொல்லி பம்புசெட்டு. வெயில் நேரத்துல கம்பி கண்ணுக்கே தெரியாது, கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பி இருக்குன்னு கண்டுபிடிக்கணும். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட்டு இலவசம்னு சர்க்காரு 2023ல உத்தரவு போட்டுச்சி. கம்பியில தொங்குறவனுக்கு இலவசம்னு அதுல எழுதலை, நான் கேட்டுப் பார்த்துட்டேன்.

அப்பால நேரம். நீ ஷிப்ட்டு முடிச்சி, தூங்கி எழுந்து, குளிச்சி, பிரியாணி சாப்பிட்டு, பன்னெண்டு மணிக்குப் பறக்கலாம்னு வருவே. பன்னெண்டு மணிக்கு மேல யாரு இருக்கான்னு பாரு. பருந்து. இறக்கையே அடிக்காம சுத்திச் சுத்தி மேல போகுது. எப்படிப் போகுது? உழுத மண்ணும் பாறையும் கொதிச்சி, காத்து கொப்புளம் கொப்புளமா எழும்புது, அது மேல குந்திக்கிட்டுப் போகுது. பருந்துக்கு அது பல்லக்கு. உன் பதினாலு புடவைக்கு அது அடி உதை. தூக்கும், போடும், துணியோட ஒரு பக்கத்தை மடக்கும். மலைக்கு அந்தாண்டை இன்னும் மோசம். கொசஸ்தலை ஆத்துல தண்ணி வரும்போது பாறைக்குப் பின்னால சுழிக்கும் பாரு, காத்தும் மலைக்குப் பின்னால அப்படித்தான் சுழிச்சி விழும். நம்ம ஊரைச் சுத்தி மலைக்கா பஞ்சம்? அதனாலதான் பறக்கத் தெரிஞ்சவனெல்லாம் விடியக்காலத்துல பறக்குறான், இல்லைன்னா பொழுது சாயும்போது பறக்குறான். கோழி கூவும்போது எழுந்திருக்கணும். நீ எழுந்து நான் பார்த்தது, பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு. அதுவும் ரெண்டு நாள்.

இப்ப கிளப்புக்கு வர்றேன். நீங்க நாலு பேரும் சேர்ந்தா நாலு பேரும் பறப்போம்னு நினைக்கிறீங்க. அது கிளப்பு இல்லை, காக்காக் கூட்டம். கிளப்புன்னா இன்னான்னு நான் சொல்றேன். ஒருத்தன் பறக்கும்போது மூணு பேரு கீழே நிக்கணும். ஒருத்தன் துணியை விரிச்சி வாய் திறந்திருக்கான்னு பார்க்கணும். ஒருத்தன் கயிறு கயிறா தடவிப் பார்த்து, சிக்கு இல்லை, முடிச்சி இல்லை, குச்சி மாட்டலைன்னு சொல்லணும். இன்னொருத்தன் இருக்கானே, அவன்தான் முக்கியம். நீ ஹெல்மெட்டு மாட்டி, பெல்ட்டு போட்டு, என்ஜினை ஸ்டார்ட்டு பண்ணி, சொந்தக்காரனெல்லாம் வீடியோ எடுக்கும்போது, கிட்ட வந்து, "இன்னிக்கு வேணாம் மச்சி"ன்னு சொல்லணும். நீயும் ரோஷப்படாம என்ஜினை நிறுத்தணும். அதைச் சொல்ல ஒருத்தன், கேக்க ஒருத்தன். அந்த ரெண்டு பேரு இருந்தா அது கிளப்பு. ஒத்தையில பறந்தா அதைச் சொல்றதுக்கு ஆளு கிடையாது. காத்து சொல்லும். காத்து சொல்றது லேட்டா கேக்கும்.

அமெரிக்காக்காரன் ஜூலை கடைசியில ஆஷ்கோஷ்னு ஒரு ஊர்ல திருவிழா நடத்துறான். நம்ம திருத்தணியில ஆடிக் கிருத்திகை வர்ற அதே காலம். 1953ல சொந்தமா விமானம் கட்டுற ஆளுங்க சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம் நடத்துறது அது, இன்னிக்கு உலகமே அங்கே போய்க் கூடாரம் போடுது. உன் பாராசூட்டு வண்டிக்காரங்களுக்கும் புல்லுத் தரையில தனி இடம் உண்டு. காவடி மாதிரி கலர் கலரா துணி. ஆனா காவடிக்காரனைக் கவனிச்சிருக்கியா? மலை ஏறுற நேரம் கொஞ்சம்தான். அதுக்கு முந்தி விரதம் எத்தனை நாளு? பல்லைக் கடிச்சிக்கிட்டு வேணாம்னு சொன்னது எத்தனை தபா? காவடியோட வெயிட்டு தோள்ல இல்லை நைனா, அந்த விரதத்துல இருக்குது. உன் வண்டிக்கும் அப்படித்தான். பறக்குறது காமணி நேரம். மீதியெல்லாம் விரதம். காத்துப் பையைப் பார்க்குறது, காப்பி குடிக்கிறது, வண்டியை ஏத்திக்கிட்டு வூட்டுக்கு வந்து, "இன்னிக்குப் பறக்கலை"ன்னு வெக்கப்படாம சொல்றது. காத்துப் பை வாங்க துட்டை வீணாக்காதே, என் பழைய லுங்கி ஒண்ணு தர்றேன், ஒரு முனையைத் தெச்சி கம்பத்துல கட்டு. எந்தக் காத்துல என் லுங்கி எப்படிப் பறக்கும்னு இந்த ஊருக்கே தெரியும்.

"இருக்கிறதை விட்டுட்டுப் பறக்குறதுக்கு ஆசைப்படாதே"ன்னு என் மாமியா அடிக்கடி சொல்லும். அந்த அம்மா சொன்னதை நான் எதையும் கேட்டதில்லை. அதனால இதையும் நான் உனக்குச் சொல்லப் போறதில்லை.

துட்டு எவ்வளவு வேணும்? அடேயப்பா! அந்தத் துட்டுல கார் வாங்கலாமே. சரி, வாயை மூடு. மாட்டேன்னு நான் சொல்லலை. நீங்க நாலு பேரும் முதல்ல எங்கேயாவது ஒழுங்கா கத்துக் கொடுக்குற இடத்துல போய்ப் பழகிட்டு வாங்க. பேப்பர், பர்மிஷன் எல்லாம் கையில இருக்கணும். ராஜாளிக்காரன் கோட்டுக்கு அந்தப் பக்கம், அவன் சம்மதிக்கிற இடமா பாருங்க. இந்த ஊருதான்னு அடம் புடிக்காதீங்க. அதுக்கு அப்பால என் பங்கு துட்டைக் கேளு. ஆனா அதுக்கு முந்தி இன்னிக்கு ஒரு வேலை இருக்கு.

தறிக்கொட்டாயில, தார் சுத்துற மிஷினுக்குப் பக்கத்துல, ஒரு கூடையில சிக்கல் நூலு இருக்குது. சிவப்புல கொஞ்சம், வெள்ளையில கொஞ்சம், நம்பர் வேற வேற. உன் பாராசூட்டுக் கயிறு மாதிரிதான், மெல்லிசு, வழுக்கும், இழுத்தா இறுகும். அதைப் பிரிச்சி, கலர் கலரா சுத்தி எடுத்துக்கிட்டு வா. ஒரு இழை அறுந்தாலும் செல்லாது. அவசரப்பட்டு ஒரு தபா இழுத்தா, அப்பால ரெண்டு மணி நேரம் கூட ஆகும். கோவம் வந்தா எழுந்து போய் காப்பி குடிச்சிட்டு வா, அதுக்குத் தடை இல்லை. இன்னிக்கு முடியலைன்னா அடுத்த வாரம் வா, அதுக்கும் தடை இல்லை. முடியலைன்னு என்கிட்ட வந்து சொன்னா, அன்னிக்கே பாதித் துட்டு தர்றேன்.

நூலு தானா சிக்கலாச்சான்னு பார்க்குறியா? நேத்து ராத்திரி நீ வர்றேன்னு போன் பண்ணதும், நான் குந்தி சிக்கலாக்குனது. ரெண்டு மணி நேரம் ஆச்சி. கத்தரிக்கோலைத் தேடாதே, உங்க பாட்டி இடுப்புல இருக்கு.